ஏற்காட்டு மலைப்பாதையும் ஓட்டுநரில்லாக் காரும்

அஸ்தம்பட்டியில் வசிக்கும் இளைஞர் ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியற்காலையில் காரை எடுத்துக்கொண்டு ஏற்காடு ஏறி, ஏரிக்கரையில் ஒரு டீ குடித்துவிட்டு, வெயில் உறைக்கும் முன் இறங்கிவிடுவது அவர் வழக்கம். வாரம் முழுவதும் கணினியின் முன் உட்கார்ந்திருக்கும் தமக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் உயிர் என்றும், தானாக ஓடும் கார்கள் வந்துவிட்டால் ஓட்டுவதை விரும்புகிறவர்களுக்கு என்ன மிஞ்சும் என்றும், ஒரு காலத்தில் மனிதர் ஓட்டுவதையே சட்டம் தடுத்துவிடுமா என்றும் அவர் கேட்டார். அடுத்து வாங்கப்போகும் காரைக் கையால் கியர் மாற்றும் வண்டியாக வாங்கலாமா என்பதையும் கடைசியாகச் சேர்த்துக்கொண்டார்.

சேலத்தில் ஒரு பாலிடெக்னிக் கல்லூரியின் ஆட்டோமொபைல் பிரிவில் நெடுங்காலம் பாடம் நடத்தியவன் என்பதாலும், சங்ககிரி லாரி ஓட்டுநர் ஒருவரின் மகன் என்பதாலும் இந்தக் கேள்வி எனக்கு இரண்டு பக்கமும் தெரிந்த கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், முழுவதும் தானாக ஓடும் கார் ஏற்காட்டு மலைப்பாதையை அவரிடமிருந்து பறித்துக்கொள்ள இன்னும் வெகுகாலம் ஆகும். ஆனால் பாதி தானாகவும் பாதி நம் பொறுப்பிலும் ஓடும் கார் இப்போதே வந்துவிட்டது, அவர் விரும்பும் பொருளை அது ஓசையில்லாமல் கரைத்துக்கொண்டிருக்கிறது. நான் கவலைப்படுவது இந்த இரண்டாவதைப் பற்றி. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், ஓட்டுவதில் நாம் விரும்புவது எதை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அடிவாரத்துச் சோதனைச் சாவடியைத் தாண்டி ஏறத் தொடங்கினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். காலை ஆறரை மணி. இரவு பெய்த மழையில் சாலையோரம் இலைகள் ஒட்டிக்கிடக்கின்றன. இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். வளைவு தெரிவதற்கு முன்பே, மேல் சாலையில் ஒரு பேருந்தின் எஞ்சின் உறுமல் கேட்கிறது. அது இறங்கும் வண்டியின் உறுமல், ஏறும் வண்டியின் திணறல் இல்லை என்பது காதுக்குத் தெரிந்துவிடுகிறது. இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதுதான் விதி. 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளிலும் அது இருக்கிறது. ஆயினும் அந்த வளைவில் பேருந்து திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் தேவை என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே வளைவுக்கு இரண்டு வண்டி நீளம் முன்பாகவே இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்தி, ஒருமுறை விளக்கை அடித்துக் காட்டுகிறீர்கள். பேருந்தின் மூக்கு வளைவில் தெரிகிறது. ஓட்டுநர் சன்னல் வழியே கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு முறை அசைக்கிறார்: "இரு, பின்னால் இன்னொன்று வருகிறது." பின்னால் வரும் ஜீப்பும் கடந்துபோகிறது. அதன்பின் ஹாஃப் கிளட்சில் வண்டியைப் பின்வாங்காமல் எடுத்து, முதல் கியரில் வளைவை முடித்து, நேரானதும் இரண்டாவதற்கு மாற்றுகிறீர்கள்.

மொத்தம் அரை நிமிடம் இருக்கும். அதற்குள் கேட்டிருக்கிறீர்கள், கணித்திருக்கிறீர்கள், விட்டுக்கொடுத்திருக்கிறீர்கள், முகம் தெரியாத ஒருவருடன் பேசியிருக்கிறீர்கள், முடிவெடுத்திருக்கிறீர்கள். அந்த முடிவு தவறினால் விளைவும் உங்களுடையதாகவே இருந்திருக்கும். வேகத்தை விரும்புகிறவர்கள் உண்டு, எஞ்சின் ஓசையை விரும்புகிறவர்கள் உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்காக ஓட்டியும் அலுக்காதவர்களிடம் பேசிப் பார்த்தால், கணிப்பும் அதற்கான பொறுப்பும் ஒரே கையில் இருக்கும் அந்த நிலையைத்தான் அவர்கள் ஏதாவது ஒரு சொல்லில் சொல்வார்கள். என் தந்தையார் அதை "வண்டி கையில இருக்குது" என்பார். வண்டி கையில் இருப்பது என்றால் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பது மட்டும் இல்லை என்பது அவரோடு லாரியில் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

இனி இயந்திரத்தின் பக்கம் வருவோம். தானாக ஓடும் திறனை ஆறு நிலைகளாகப் பிரிக்கும் வழக்கத்தை அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. என்னும் வாகனப் பொறியாளர் அமைப்பு 2014-இல் வகுத்தது. சுழியத்தில் தொடங்கி ஐந்தில் முடியும். இங்கே நமக்கு வேண்டியவை மூன்று. இரண்டாம் நிலையில் கார் தானே வேகத்தையும் திசையையும் பார்த்துக்கொள்ளும், ஆனால் கண்ணும் பொறுப்பும் ஓட்டுநருடையவை. மூன்றாம் நிலையில் குறிப்பிட்ட சூழ்நிலைகளில் கண்ணை எடுத்துவிடலாம், கார் கூப்பிட்டால் திரும்பி வர வேண்டும். நான்காம் நிலையில் வரையறுக்கப்பட்ட ஒரு பகுதிக்குள் மனிதர் யாரும் இல்லாமலே கார் ஓடும். எங்கும், எந்த வானிலையிலும், எந்தச் சாலையிலும் ஓடக்கூடிய ஐந்தாம் நிலைக் கார் உலகில் எங்கும் விற்பனையில் இல்லை.

வளைவு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது 2004 மார்ச்சில் அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் நடந்த போட்டி. அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தார்ப்பா முகமை, மனிதர் இல்லாமல் சுமார் 240 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. ஒரு வண்டிகூடப் பந்தயத்தை முடிக்கவில்லை. எல்லாவற்றையும்விடத் தொலைவு ஓடிய கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் வண்டி 12 கிலோமீட்டர்கூட முழுதாகத் தாண்டாமல், ஒரு கொண்டை ஊசி வளைவில் பாதையின் விளிம்பில் அடிப்பாகம் தட்டி மாட்டிக்கொண்டு, சக்கரம் வெறுமனே சுழன்று டயர் புகைய நின்றுவிட்டது. மலைப்பாதையில் ஓட்டுகிறவர்கள் இதைக் கேட்டு மகிழ்ந்துவிடக் கூடாது. அடுத்த ஆண்டே, 2005 அக்டோபரில், ஐந்து வண்டிகள் 212 கிலோமீட்டர் பாதையை ஓடி முடித்தன. ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டு வென்ற ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வண்டி, ஒருபக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமான ஒரு கணவாயையும் வளைந்து வளைந்து இறங்கித்தான் வந்தது. 2010-இல் அதே பல்கலைக்கழகமும் ஆடி கார் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய கார், கொலராடோவின் பைக்ஸ் பீக் மலையில் 156 திருப்பங்கள் கொண்ட 20 கிலோமீட்டர் பாதையை ஆளே இல்லாமல் 27 நிமிடத்தில் ஏறியது. தேர்ந்த ஓட்டுநர் ஒருவர் அதே காரில் சுமார் 17 நிமிடத்தில் ஏறிவிடுவார் என்று அன்று மதிப்பிட்டார்கள். அந்த இடைவெளி அதன்பின் குறைந்துகொண்டே வருகிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. வளைவைத் திருப்புவது இயந்திரத்துக்கு முடியாத வித்தை என்று நம்பி யாரும் ஆறுதல் தேடிக்கொள்ள வேண்டாம்.

கடினம் வேறிடத்தில் இருக்கிறது. பைக்ஸ் பீக்கில் எதிரே யாரும் வரவில்லை. நம் மலையில் வளைவைவிட, வளைவுக்கு அப்பாலிருந்து வருவது எது என்பதே பெரிய கேள்வி. மே மாதக் கோடை விழா நாட்களில் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளும் குடும்பம், தின்பண்டத்துக்காகச் சாலையில் குதிக்கும் குரங்குகள், காப்பித் தோட்டத்திலிருந்து சில்வர் ஓக் மரக்கட்டை ஏற்றிக்கொண்டு இறங்கும் லாரி, தவறான பக்கத்தில் வளைவைக் குறுக்கி வரும் இருசக்கர வண்டி ஆகிய ஒவ்வொன்றும் அடுத்து என்ன செய்யும் என்பதை ஊகித்தாக வேண்டும். பேருந்து ஓட்டுநரின் அந்த உள்ளங்கை அசைவுக்குப் "பின்னால் இன்னொன்று வருகிறது" என்ற பொருளைச் சாலை விதி நூலைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

இதற்கு மேல் மூடுபனி. தானாக ஓடும் கார்களில் பெரும்பாலானவை கேமரா, ரேடார், லைடார் ஆகிய மூன்று கண்களை நம்புகின்றன. லைடார் என்பது கண்ணுக்குத் தெரியாத லேசர் கதிரை எறிந்து, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு சுற்றுப்புறத்தை அளப்பது. பனியின் நீர்த்துளிகள் அந்தக் கதிரை நாற்புறமும் சிதறடிப்பதால், கார் தன் முன்னால் ஒரு வெள்ளைச் சுவர் நிற்பதைப்போல உணரும். கேமராவின் நிலை நம் கண்ணின் நிலைதான். ரேடாரின் அலைநீளம் சுமார் 4 மில்லிமீட்டர் என்பதால் பனியை ஊடுருவிவிடும்; ஆனால் எதிரே ஒரு பொருள் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, அது குழந்தையா குப்பைத் தொட்டியா என்று பிரித்துச் சொல்வதில் அதற்குக் கூர்மை குறைவு. டிசம்பர் காலையில் ஏற்காட்டில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனியில், மனிதனும் நின்றுவிடுவதுதான் சரி, இயந்திரமும் நின்றுவிடுவதுதான் சரி.

ஓட்டுநரில்லா வாடகைக் கார்கள் இன்று உண்மையாகவே ஓடுகின்றன. வேமோ நிறுவனம் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் பகுதியில் 2020 அக்டோபரில் பொதுமக்களுக்கு அந்தச் சேவையைத் திறந்தது, பின்னர் சான் பிரான்சிஸ்கோவிலும் விரித்தது. அங்கே ஒவ்வொரு தெருவும் முன்கூட்டியே அங்குல அங்குலமாக வரைபடமாக்கப்பட்டிருக்கிறது. சாலைக்கோடுகள் அழியாமல் இருக்கின்றன. மண் சரிந்து ஒரே இரவில் ஓரம் மாறிவிடும் மலைப்பாதைக்கு அப்படி ஒரு வரைபடத்தை எடுத்து, மாறும்போதெல்லாம் புதுப்பிக்கும் செலவை யாரேனும் ஏற்க வேண்டும். அதனால்தான் ஏற்காட்டுச் சாலை கடைசியில் வரும் என்கிறேன். எனக்குத் தெரிந்தவரை, மனிதக் கைகள் கடைசிவரை தேவைப்படப்போகும் சாலைகளுள் ஏற்காட்டுக்கு ஏறும் குப்பனூர் வழியும், 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலை வழியும் இருக்கும்.

தொப்பூர்க் கணவாயின் கதை வேறு. தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தச் சரிவில் லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் செல்லும் வண்டிகள்மீது மோதிய செய்திகளைச் செய்தித்தாளில் படிக்காத சேலத்துக்காரர் இருக்க முடியாது. டீசல் மிச்சமாகும் என்று சரிவில் நியூட்ரலில் இறங்குவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இதன் கணக்கைக் காரை வைத்தே பார்க்கலாம். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள ஒரு கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், அது கைவிடும் ஆற்றல் ஏறக்குறைய 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இரண்டு பெரிய வாளித் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. கியரில் இறங்கினால் அந்த ஆற்றலில் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் அத்தனையும் பிரேக்கில்தான் இறங்கியாக வேண்டும். லைனிங் சூடேறி, ஒரு கட்டத்துக்குமேல் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. 25 டன் லாரி என்றால் நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். சிறுவனாக இருந்தபோது என் தந்தையார் எனக்குச் சொன்ன முதல் பாடம், "ஏறுன கியர்லயே எறங்கணும் கண்ணு. பிரேக்கு நிக்கறதுக்கு, எறங்கறதுக்கு இல்ல" என்பது. அந்தச் சரிவில் ஒருபோதும் நியூட்ரலுக்குப் போகாத, தூங்காத, அவசரப்படாத ஒரு இயந்திரம் லாரியை இறக்குமானால், ஓட்டுவதை எவ்வளவு நேசித்தாலும் அதற்கு எதிராக நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய அரசின் கணக்கு. நம் விருப்பத்தை யாருடைய உயிருக்கும் எதிரில் வைத்து எடைபோடக் கூடாது.

சட்டம் தடுத்துவிடுமா என்ற கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். இந்தியாவில் இப்போதைக்கு நிலைமை தலைகீழ். ஓட்டுநர்களின் வேலை போய்விடும் என்பதால் ஓட்டுநரில்லாக் கார்களை அனுமதிக்க மாட்டோம் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017-இலும், மீண்டும் 2023-இலும் வெளிப்படையாகச் சொன்னார். நாளை அந்த நிலைப்பாடு மாறினாலும், நம் நாட்டில் பதிவான வண்டிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இருசக்கர வண்டிகள். ஒருமுறை வாங்கிய காரைப் பதினைந்து ஆண்டு வைத்திருப்பது நம் வழக்கம். எல்லோரையும் ஸ்டியரிங்கிலிருந்து எழுப்பிவிடும் சட்டம் நம் வாழ்நாளில் வரும் என்று நான் எண்ணவில்லை. வருவதானால், சில விரைவுச் சாலைகளில் சில தடங்களை ஒதுக்குவதாகவும், மனிதர் ஓட்டும் காருக்குக் காப்பீட்டுக் கட்டணம் மெல்ல ஏறுவதாகவும்தான் வரும். தடை போடுவதைவிடச் செலவை ஏற்றுவது எளிது என்பதை ஆள்பவர்களும் அறிவார்கள், காப்பீட்டு நிறுவனங்களும் அறியும்.

இப்போது நான் கவலைப்படுவதாகச் சொன்ன இடத்துக்கு வருகிறேன். 2021 முதல் இந்தியாவில் விற்கப்படும் நடுத்தர விலைக் கார்களிலேயே இரண்டாம் நிலை வசதிகள் வரத் தொடங்கின: தடம் மாறாமல் பிடித்துக்கொள்வது, முன் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, மோதப்போனால் தானே பிரேக் போடுவது. கடைசியாகச் சொன்னதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். அது ஓட்டுநரின் வேலையைப் பறிப்பதில்லை, தவறும்போது கைகொடுக்கிறது. முதல் இரண்டும் வேறு வகை. ஒருமுறை என் மைத்துனரின் காரைப் பெங்களூரிலிருந்து நான் ஓட்டிவந்தேன். கிருஷ்ணகிரி தாண்டியதும் அந்த வசதிகளை இயக்கிவிட்டேன். முதல் பத்து நிமிடம் கூர்ந்து கவனித்தேன். அதன்பின் கார் நன்றாகவே ஓட்டியது, அதுதான் சிக்கல். கை ஸ்டியரிங்கில் இருந்தது, கண் சாலையில் இருந்தது, மனம் மட்டும் வீட்டில் நடக்கவிருந்த ஒரு விசேஷத்தின் பந்தல் கணக்கில் இருந்தது. சாலைப் பணிக்காகத் தடத்தைத் திருப்பிவிட்டிருந்த ஓரிடத்தில், பழைய வெள்ளைக்கோடு அழிக்கப்படாமல் நேரே மணல் மூட்டைகளை நோக்கிப் போயிற்று. கார் கோட்டைத்தான் நம்பியது. நான் திருப்பிவிட்டேன், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் சொந்தக் கையில் வண்டி இருந்திருந்தால் நூறு மீட்டர் முன்பே தெரிந்திருக்கக்கூடிய ஒன்று, அன்று பத்து மீட்டரில்தான் தெரிந்தது. நாற்பது ஆண்டு ஓட்டிய அனுபவம் அந்த நேரத்தில் எங்கே போயிற்று என்று வீடு வந்துசேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

இது என் தனிப்பட்ட பலவீனம் மட்டும் இல்லை. ஒரு வேலையில் எளிய பகுதியை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டு, அது தடுமாறும்போது மட்டும் மனிதன் வந்து பிடிக்க வேண்டும் என்று வைத்தால், மனிதனின் கவனமும் போகும், கைப்பழக்கமும் போகும், ஆனால் மிகக் கடினமான நொடியில்தான் அவனை அழைப்பார்கள் என்பதைப் பிரிட்டிஷ் உளவியலாளர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-இலேயே எடுத்துக்காட்டினார். விமானத்துறை அதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2009-இல் ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸுக்குப் பறந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில், வேகத்தை அளக்கும் குழாய்கள் பனிக்கட்டியால் அடைபட்டதும் தானியங்கி விமானி விலகிக்கொண்டது; திடீரென்று கையில் வந்த விமானத்தை விமானிகளால் மீட்க முடியாமல் 228 பேர் இறந்தார்கள். தானியங்கி முறையையே எப்போதும் நம்பாமல் விமானிகள் கையாலும் ஓட்டிப் பழக விமான நிறுவனங்கள் ஊக்கப்படுத்த வேண்டும் என்று 2013-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அறிவுறுத்தியது. பல ஆயிரம் மணி நேரப் பயிற்சி பெற்றவர்களுக்கே இந்த நிலை என்றால், எட்டுப் போட்டுக் காட்டி உரிமம் வாங்கிய நாம் எந்த மூலை?

பொறுப்பு யாருடையது என்பதையும் பாருங்கள். 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில், சோதனையில் இருந்த தானியங்கி வாடகைக் கார் ஒன்று சாலையைக் கடந்த ஒரு பெண்மணியின்மீது மோதி அவர் இறந்தார். கார் அவரை நொடிக்கு ஒரு பொருளாக மாற்றி மாற்றி அடையாளம் கண்டுகொண்டிருந்தது. கண்காணிப்பதற்காக உள்ளே உட்கார்ந்திருந்தவரின் பார்வை கைப்பேசியில் இருந்தது. நிறுவனத்தின்மீது குற்ற வழக்கு இல்லை. உட்கார்ந்திருந்தவர்தான் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். அவர் கவனக்குறைவுக்கு நான் பரிந்து பேசவில்லை. ஆனால் மணிக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் உட்காரவைத்து, கணிப்பை இயந்திரத்திடமும் பழியை மனிதரிடமும் கொடுத்திருக்கும் அமைப்பு அது. வண்டி கையில் இல்லை. வழக்கு மட்டும் கையில் இருக்கிறது. ஓட்டுவதை நேசிக்கிறவர்கள் அஞ்ச வேண்டியது இந்த இரண்டுங்கெட்டான் நிலையைத்தான். இயந்திரம் ஓட்டுவதானால் முழுவதும் ஓட்டட்டும், பொறுப்பையும் ஏற்கட்டும். ஜெர்மனியில் 2022-இல் மெர்சிடிஸ் நிறுவனம் மூன்றாம் நிலைக் காரை விற்கத் தொடங்கியபோது, குறிப்பிட்ட விரைவுச் சாலைகளில், 60 கிலோமீட்டர் வேகத்துக்குள் என்று எல்லை போட்டு, அதற்குள் ஓட்டுநர் கண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்றது. குறுகிய எல்லைதான், ஆனால் நேர்மையான எல்லை.

தேவை தீர்ந்த பிறகும் விருப்பம் வாழுமா என்று கேட்டால், கொங்கு நாட்டில் அதற்குக் கண்கூடான சான்று இருக்கிறது. சந்தைக்கும் காட்டுக்கும் மாட்டு வண்டி கட்டும் காலம் போய்விட்டது. ரேக்ளாப் பந்தயம் போகவில்லை. காங்கேயம் காளைகளைப் பிள்ளையைப்போல வளர்த்து, இருநூறு மீட்டர் ஓட்டத்துக்காக ஆண்டு முழுவதும் பழக்குகிறவர்கள் இருக்கிறார்கள். கார் ஓட்டுவதும் அப்படிப் பந்தயத் திடலுக்குள் வாழக்கூடும். கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, அந்தக் கோவையிலிருந்து போன நரேன் கார்த்திகேயன்தான் 2005-இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர். ஆனாலும் அது முழு ஆறுதல் ஆகாது. திடலுக்குள் ஓட்டப் பணம் வேண்டும். அங்கே எதிரே பேருந்தும் வராது, வழிவிட யாரும் இருக்க மாட்டார்கள். ஞாயிறு காலையில் ஒரு சாதாரணக் காரில், எல்லோருக்கும் உரிய மலைச்சாலையில், மற்றவர்களோடு அனுசரித்துப் போகும் இன்பத்தைத் திடல் தராது.

பிழைப்புக்காக ஓட்டுகிறவர்களை விட்டுவிட்டு இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனம் வராது. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரித் தொழில் வளர்த்த குடும்பங்கள் எத்தனையோ. ஓட்டுவதை நேசித்தவர்கள் என்றால் எனக்கு முதலில் தோன்றும் முகங்கள் அவர்களுடையவைதான். அவர்கள் யாரும் அதை நேசம் என்ற சொல்லால் சொன்னதில்லை. சேலத்தில் ஆக்டிங் டிரைவராகப் போகிறவர்களிடம் கேளுங்கள்: முன்பின் தெரியாத காரில் உட்கார்ந்து, கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று இரண்டு தெரு போவதற்குள் கண்டுகொள்வார்கள். இயந்திரம் முதலில் கேட்கப்போவது நான்குவழிச் சாலையின் நீண்ட தூரத்தை. ஊருக்குள் நுழைவதும், சந்தில் பின்னால் எடுப்பதும், மலை ஏறுவதும் மனிதருக்கு மிஞ்சும். மிஞ்சும் வேலைக்கு உரிய கூலி கிடைக்குமா என்பது, பொறியியல் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதைச் சங்கங்களும் அரசும் இப்போதே பேசத் தொடங்க வேண்டும்.

கடைசியாகக் கார் வாங்கும் கேள்வி. கையால் கியர் மாற்றும் வண்டியை விரும்பினால் இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். மின்சாரக் கார்கள் பெருகப் பெருக அது அரிதாகும், ஏனென்றால் மின் மோட்டாருக்குப் பல கியர்கள் தேவைப்படுவதில்லை. ஆனால் கியர்தான் ஓட்டுவதன் உயிர் என்று எண்ண வேண்டாம். மின்சாரக் காரில் மலை இறங்கும்போது, நான் மேலே சொன்ன அந்த 4 யூனிட்டில் கணிசமான பகுதி பேட்டரிக்கே திரும்பி வரும். எந்த வளைவுக்கு எவ்வளவு முன்பாக ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிரேக்கைத் தொடாமலே வளைவுக்குள் நுழையலாம் என்று கற்பதில் ஒரு புதிய நுணுக்கம் இருக்கிறது. எந்தக் காராக இருந்தாலும் கடையில் இரண்டு கேள்வி கேளுங்கள். தடம் பிடிக்கும் வசதியை ஒரே பொத்தானில் முழுவதும் நிறுத்த முடியுமா? நிறுத்தியபின், அடுத்தமுறை வண்டியை எடுக்கும்போது அது தானாக மீண்டும் இயங்கத் தொடங்குமா? தானே பிரேக் போடும் வசதியை மட்டும் எப்போதும் இயக்கத்தில் வைத்திருங்கள்.

என் தந்தையாருக்குக் கண்ணில் நீர் அழுத்த நோய் வந்து, ஓட்டுவதை நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஓட்டுநரில்லாக் கார் வந்தால் முதலில் பயன்பெற வேண்டியவர் அவரைப்போன்றவர்தான் என்று நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன். யாரையும் எதிர்பார்க்காமல் அவரே ஏற்காட்டுக்குப் போய் வரலாம். அவர் அதை மறுக்கவில்லை. சென்ற மாதம் நான்தான் அவரை அழைத்துக்கொண்டு போனேன். இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருந்தார். இறங்கும் வழியில் ஒவ்வொரு வளைவுக்கு முன்பும் அவருடைய வலது கால் தரைவிரிப்பை அழுத்திற்று, இடது கால் இல்லாத கிளட்சை மிதித்தது. கீழிருந்து மூன்றாவது வளைவில், எனக்கு ஒன்றும் கேட்பதற்கு முன்பே, "நிறுத்து, பஸ் வருது" என்றார். நிறுத்தினேன். வந்தது.